செப்டிக் டாங்க் கட்டும் முன் மண்ணைக் கேளுங்கள்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மேடை கிடைச்சிருக்கு, போயும் போயும் செப்டிக் டாங்க் பத்தியா பேசப் போறே?" என்று வாசலிலேயே ஒரு நண்பர் கேட்டுவிட்டார். ஆமாம், அதைப் பற்றித்தான். நான் வேலை செய்வது ஓசூரில். அங்கே தொழிற்சாலைக் கழிவுநீருக்குத் தனி ஆள், தனி ஆய்வகம், தினசரிக் கணக்குப் புத்தகம் எல்லாம் உண்டு. நாகரசம்பட்டியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குக் கழிவறைத் தொட்டி கட்டும்போது இருந்தது நானும் ஒரு மேஸ்திரியும்தான்.

மேஸ்திரி அனுபவசாலி. "தம்பி, பத்துக்குப் பத்து குழி எடுத்து நாலு பக்கமும் சுவர் வச்சிரலாம். அடியில சிமென்ட் வேணாம், தண்ணி தானா இறங்கிரும். இருபது வருசத்துக்குத் தொறக்கவே வேணாம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் இறங்கத்தான் செய்யும். இறங்கி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நம் கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை நிலம். மேலே கொஞ்சம் செம்மண், அதன் கீழ் முரம்பு, அதற்கும் கீழே கருங்கல். கழிவுநீரை வடிகட்டிக் கிருமியைப் பிடித்து வைப்பது மண். பாறை வெடிப்புக்குள் புகுந்த நீரை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. நம் போர்வெல்லுக்குத் தண்ணீர் வருவதும் அதே வெடிப்புகள் வழியாகத்தான்! கிருமியாவது கொதிக்க வைத்தால் சாகும். கழிவுநீரிலிருந்து இறங்கும் நைட்ரேட் கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் தொடங்கி வைத்தார்கள். புளோரைடு பாறை கொடுத்தது. நைட்ரேட்டை நாமே சேர்க்க வேண்டுமா?

ஆகவே தொட்டிக்கு விலை விசாரிப்பதற்கு முன் மண்ணைச் சோதித்தேன். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கழிவு விட நினைக்கும் ஆழம் வரை சிறு குழி தோண்டி, இரவு முழுக்கத் தண்ணீர் ஊறவிட்டு, மறுநாள் 15 சென்டிமீட்டர் நிரப்பி, கடிகாரத்தோடு உட்கார வேண்டும். நீர்மட்டம் 2.5 சென்டிமீட்டர் இறங்க 30 நிமிடத்துக்குள் ஆனால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 நிமிடம் என்றால் ஆழமில்லாத நீண்ட கசிவு வாய்க்கால் நல்லது. அதற்கும் மேலே போனால் மண்ணை நம்ப முடியாது, வடிகட்டும் படுகை கட்டித்தான் ஆகவேண்டும். எங்கள் கொல்லையில் சுமார் 40 நிமிடம் ஆயிற்று. "என்னடா, குழியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கே?" என்று அப்பாவுக்குச் சிரிப்பு.

எதைத் தேர்ந்தெடுப்பது? மண் ஆழமாகவும் நிலத்தடி நீர் கீழேயும் இருக்கும் ஊரில், மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழிக் கழிப்பறைதான் மலிவு, நல்லதும் கூட. எங்கள் இடத்துக்கு அது ஒத்துவராது. காற்று ஊதும் கருவியோடு விற்கும் பைபர் தொட்டியையும் பார்த்தேன். அதிலுள்ள நுண்ணுயிர்களுக்குக் காற்றும் வேண்டும், தினமும் தீனியும் வேண்டும். கரண்டு போனாலும், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் பிள்ளை வீட்டுக்குப் போனாலும் அவை செத்துவிடும். வயதான இருவர் இருக்கும் கிராமத்து வீட்டுக்கு அது தேவையில்லாத தலைவலி. புதுச்சேரி தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் கழிவுநீரை ஜல்லிப் படுகையில் நாணல் வளர்த்துச் சுத்தம் செய்கிறார்கள். வாய்ப்புள்ளவர்கள் போய்ப் பாருங்கள். இடம் தாராளமாக இருந்தால் வீட்டுக்கும் அதைச் சிறிதாகச் செய்யலாம்.

நாங்கள் கட்டியது அடியிலும் பூச்சு வைத்த இரண்டு அறைத் தொட்டி. இந்தியத் தர நூல் 2470 பத்துப் பேருக்குச் சொல்லும் அளவு: நீளம் 2 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூர் எடுப்பதானால் நீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர். அவ்வளவுதான்! மேஸ்திரி சொன்ன பத்துக்குப் பத்து எங்கே, இது எங்கே. உள்ளே வரும் வழியிலும் வெளியேறும் வழியிலும் டீ குழாய் வைத்தோம். மிதக்கும் ஆடை கூடவே ஓடிவிடாது. காற்றுக் குழாயின் தலையில் கொசுவலை கட்டினோம். பயன்படுத்தும் முன் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில் ஒழுகல் இல்லை என்பது உறுதியாயிற்று. குளியல், சமையல் நீரைத் தொட்டியில் விடாமல் வாழைக்குத் திருப்பினோம்.

கசிவு வாய்க்காலுக்கு இடம் பிடிப்பதில்தான் வாக்குவாதம். குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. மேஸ்திரி காட்டிய மூலை எங்கள் போர்வெல்லுக்குத் தூரம்தான். பக்கத்து வீட்டு போர்வெல்லுக்கோ நாற்பதடி. "அது அவங்க போர் தானே தம்பி" என்றார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குழாயை நீட்டி மாமரத்துப் பக்கம் கொண்டுபோனோம். செலவு கொஞ்சம் கூடியது. பாறை வெடிப்பில் 18 மீட்டரும் பெரிய காப்பு ஆகாது என்பதால், வாய்க்காலை முரம்பு வரை தோண்டாமல் மேல் மண்ணிலேயே நிறுத்தினோம்.

இனி அந்த இருபது வருடக் கதை. திறக்காத தொட்டியில் அடிச்சகதி இறுகிவிடும், லாரிக் குழாய் இழுக்காது. அப்போது ஒரு மனிதனை இறக்குவார்கள். உள்ளிருக்கும் விஷவாயு மூச்சு விடவும் நேரம் தராது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. லாரி வந்தாலும், "எங்கே கொட்டுவீங்க?" என்று கேளுங்கள். கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் 2015-இலும், நம் கருங்குழியில் 2017-இலும் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஏரிக்கரையில் கொட்டுபவருக்கு வேலை கொடுக்காதீர்கள். மூடிமேல் கட்டிய தேதியையும், அடுத்துத் தூர் எடுக்க வேண்டிய வருடத்தையும் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன். மறந்துவிட்டால் அம்மா போனில் சொல்லிவிடுவார்.

சிவில் படிக்கும் தம்பி தங்கைகள் விடுமுறையில் ஊருக்குப் போனால் அந்த மண் சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு கடப்பாரை, ஒரு அளவுகோல், ஒரு கடிகாரம் போதும். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு வேளையில் கேளுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டால் இன்னும் நல்லது.