புதுக் கணினி வாங்கும்போது கூடுதல் பணம்: எதுக்குக் கொடுக்கலாம், எதுக்கு வேண்டாம்?

(வீட்டுக்குக் கணினி வாங்க இருப்பவர்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிற எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. மின் கட்டணம் கட்டுறது, பட்டா பார்க்கிறது, சிலிண்டர் பதிவு பண்றது எல்லாம் போன்லயே முடிஞ்சிடுது. பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, வீட்டில் ஒருவர் போட்டித் தேர்வுக்குத் தயாராகும்போது, சின்னக் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் போன் திரை போதவில்லை என்று தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஆதார் நகலை யாரோ ஒருவர் கணினியில் விட்டுட்டு வரவும் மனசு வர்றதில்லை. சரி, வீட்டுக்கே ஒண்ணு வாங்கிடலாம்னு கிளம்புறோம்.

கையில் இருப்பது சீட்டு எடுத்த பணமாக இருக்கும். இல்லேன்னா நகையை வைத்து வாங்கிய பணமாக இருக்கும். கடையில் ஒரு விலை சொல்வாங்க. அடுத்த நிமிஷமே, "இன்னும் அஞ்சாயிரம் போட்டா இது வரும் சார், பத்தாயிரம் போட்டா அது வரும் மேடம்" என்று ஆரம்பிக்கும். அந்த அஞ்சாயிரத்தையும் பத்தாயிரத்தையும் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன். சில கூடுதல் செலவு உண்மையிலேயே பலன் தரும். சிலது பெட்டியின் மேல் ஸ்டிக்கராக மட்டும் இருக்கும்.

ரெண்டே ரெண்டு கேள்வி

கடைக்காரர் எதைச் சொன்னாலும் மனசுக்குள்ள ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு: இதோட பலனை நாம தினமும் உணர்வோமா? ரெண்டு: இப்ப விட்டுட்டா பின்னாடி சேர்க்க முடியுமா?

தினமும் உணரக்கூடியது, பின்னாடி மாற்ற முடியாதது என்றால் இன்றைக்கே பணம் கொடுக்கலாம். பின்னாடி சேர்க்க முடியும் என்றால், தேவை வரும்போது வாங்கிக்கலாம். தினமும் உணரவே போவதில்லை என்றால் வேண்டவே வேண்டாம். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் செலவு: எஸ்.எஸ்.டி.

கணினி மெதுவா இருக்குன்னு சொல்றவங்க வீட்டில் பெரும்பாலும் காரணம் பழைய ஹார்டுடிஸ்க்தான். அதற்குள்ளே தட்டு சுழன்று, ஒரு முள் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கணும். நொடிக்குச் சுமார் 100 முதல் 150 எம்.பி. வரைதான் வரும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. சாதாரண சாட்டா வகையே 500 எம்.பி.க்கு மேல் தரும். என்.வி.எம்.இ. வகை அதைவிடப் பல மடங்கு வேகம்.

அதனால் 1 டி.பி. ஹார்டுடிஸ்க் மட்டும் உள்ள கணினியைவிட, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ள கணினி வீட்டுக்கு நல்லது. 512 ஜி.பி. கிடைத்தால் தாராளம். ஆனால் "இது அடுத்த தலைமுறை எஸ்.எஸ்.டி., இன்னும் ரெண்டு மடங்கு வேகம்" என்று அதற்கும் மேலே கேட்டால் யோசிங்க. விண்ணப்பம் நிரப்புவது, பாடம் பார்ப்பது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகளில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினி இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கும். புதுசு வாங்கும் முன், அதில் எஸ்.எஸ்.டி. மாற்றி லினக்ஸ் போட முடியுமா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்க. தட்டச்சுப் பழகவும் பாடம் படிக்கவும் அது போதுமானதாக இருக்கலாம்.

ரெண்டாவது: ரேம்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ரேம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. அது கணினி ஓடுவதற்கான அளவுதானே தவிர, நிம்மதியா வேலை பார்க்கும் அளவு இல்லை. பிரவுசரில் பத்து பக்கம் திறந்துவைத்து, ஒரு பக்கம் ஆன்லைன் வகுப்பும் ஓடினால் 4 ஜி.பி. திணறும். 8 ஜி.பி. வேணும். 16 இருந்தால் பல வருஷம் கவலை இல்லை.

இங்கேதான் ரெண்டாவது கேள்வி முக்கியம். டெஸ்க்டாப்பில் ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்று 8 வாங்கி, பின்னாடி இன்னொரு 8 சேர்க்கலாம். பல மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்றவே முடியாது. அந்த மாதிரி லேப்டாப் என்றால், கஷ்டப்பட்டாவது 16 ஜி.பி. உள்ளதை எடுப்பது நல்லது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட், எத்தனை பயன்பாட்டில் என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் போர்டில் பற்றவைத்தது என்று அர்த்தம்.

2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு நினைவகச் சிப்கள் பெருமளவில் போவது அதற்கு முக்கியக் காரணம். ஆகவே தேவைக்கு மேல் 32 ஜி.பி. என்று இழுக்க வேண்டாம். காலி ஸ்லாட் இருப்பதை உறுதி செய்துகிட்டா போதும்.

பிராசசர்: பேரைப் பார்க்காதீங்க, தலைமுறையைப் பாருங்க

அதிகமா ஏமாறுவது இங்கேதான். "ஐ7 சார், 16 ஜி.பி. ரேம், பாதி விலை" என்று செகண்ட் ஹேண்ட் கணினி விளம்பரம் போனிலேயே வரும். ஐ7 என்றால் பெரிசு, ஐ3 என்றால் சின்னது என்று நினைக்கிறோம். பேருக்குப் பின்னால் வரும் எண்ணைப் படிக்கணும். ஐ7-4770 என்றால் அது 4-ஆம் தலைமுறை, 2013-ல் வந்தது. ஐ3-12100 என்றால் 12-ஆம் தலைமுறை; 2022-ல் வந்தது. இரண்டிலும் நாலு கோர்தான். ஆனால் அந்தப் புது ஐ3 பழைய ஐ7-ஐவிட வேகம்.

வேகம் மட்டும் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேணும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேணும். அந்தப் பாதி விலைக் கணினிக்கு இது எதுவும் இருக்காது. வங்கிக் கணக்கும் வருமான வரியும் பார்க்கிற கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் வராமல் போனால், மிச்சம் பிடித்த பணத்துக்கு மேல் இழக்க நேரும்.

புதுக் கணினியில் சமீபத் தலைமுறை ஐ3 அல்லது ரைசன் 3 வீட்டு வேலைக்குப் போதும். நிரல் எழுதப் படிக்கும் பிள்ளை இருந்தால் ஐ5 அல்லது ரைசன் 5 எடுக்கலாம். வீடியோ எடிட்டிங் தொழிலாகவே செய்பவர் வீட்டில் இல்லையென்றால், அதற்கு மேலே கொடுக்கும் பணத்தை வேறு இடத்தில் செலவழிக்கலாம்.

திரை: அந்த வேறு இடம்

பிராசசரில் மிச்சமானதைத் திரைக்குக் கொடுங்க. தினமும் மணிக்கணக்கில் பார்ப்பது அதைத்தான். ஃபுல் எச்.டி., அதாவது 1920-க்கு 1080 புள்ளிகள் இருக்கட்டும். இன்னும் சில மலிவு லேப்டாப்களில் 1366-க்கு 768 வருது. அதில் ஒரு பக்கம் சான்றிதழ், ஒரு பக்கம் விண்ணப்பம் என்று வைத்துப் பார்த்து நிரப்புவது சிரமம். ஐ.பி.எஸ். பேனல் என்றால் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் மங்காது. அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கலாம். லேப்டாப் திரையைப் பின்னாடி மாற்றுவது செலவு. ஆகவே இதை இன்றே பார்த்து வாங்கணும்.

தேவையில்லாதவை

தனி கிராபிக்ஸ் கார்டு: பெரிய கேம், 3டி வடிவமைப்பு, வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு. மற்றவர்களுக்குப் பெரும்பாலான பிராசசர்களுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். டெஸ்க்டாப்பில் தேவைப்பட்டால் பின்னாடியும் போட்டுக்கலாம். அப்போது பவர் சப்ளை தாங்குமா என்று மட்டும் பார்க்கணும். வண்ண விளக்கு எரியும் கேபினட், விளக்கு எரியும் கீபோர்டு இவையெல்லாம் ஆசைக்கு. ஆசைப்படுவது தப்பில்லை, ஆனால் அதற்காக எஸ்.எஸ்.டி.யைக் குறைக்காதீங்க.

தமிழ் டைப் அடிக்கத் தனி மென்பொருள் என்று பணம் கேட்டால் வேண்டாம்னு சொல்லுங்க. தமிழ் 99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸிலேயே வருது. கடிதம், கணக்கு அட்டவணைக்கு லிப்ரேஆஃபீஸ் இலவசம்.

மின்சாரமும் நெட்டும்

டெஸ்க்டாப் வாங்கினால் யு.பி.எஸ். கூடுதல் வசதி இல்லை, அவசியம். 600 வி.ஏ. அளவு வீட்டுக்குப் போதும். கரண்ட் போனால் சில நிமிஷம் தாங்கும். வேலையைச் சேமித்து அணைக்க அது போதும்.

மின் செலவையும் கணக்குப் போடுங்க. மானிட்டரோடு டெஸ்க்டாப் 100 வாட் எடுக்கிறது, தினம் 5 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை யூனிட். இரண்டு மாத பில்லில் 30 யூனிட். 40 வாட் எடுக்கும் லேப்டாப் என்றால் 12 யூனிட். இலவச யூனிட் வரம்பைத் தாண்டும் வீட்டில் இந்த வித்தியாசம் பில்லில் தெரியும்.

பல டெஸ்க்டாப்களில் வைஃபை இருக்காது. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில், வாங்கி வந்த பிறகுதான் இது தெரியும். இதற்காகப் பெரிய போர்டுக்கு மாற வேண்டியதில்லை. சின்ன யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்கினால் போதும். அதுவரைக்கும் போனை கேபிளில் இணைத்து, யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் பண்ணினாலே நெட் வரும்.

பில்லும் வாரன்டியும்

"பில் இல்லாம எடுத்தா ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று சொல்லுவாங்க. கணினிக்கு வரி 18 சதவீதம் என்பதால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பில் இல்லேன்னா வாரன்டி கேட்க முடியாது, புகார் கொடுக்கவும் ஆதாரம் இருக்காது. பில்லில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்கணும். விண்டோஸ் உட்பட என்றால் அதையும் எழுதச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பகுதியில் சரிபாருங்க.

லேப்டாப், அடாப்டர், யு.பி.எஸ். ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பொருளில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டு, கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

தூக்கிக்கொண்டு அலையும் லேப்டாப்புக்குக் கூடுதல் வாரன்டி வாங்குவது நியாயமான செலவு. தயாரிப்பு நிறுவனமே தருவதா, கடை தருவதா என்று கேட்டு, நிறுவனம் தருவதை எடுங்க.

பொருளில் குறை இருந்து கடை கண்டுகொள்ளாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை.

பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ஹார்டுடிஸ்க்கைக் கழற்றி வையுங்க. அதில் உங்க ஆதார், பான், பத்திரம் எல்லாம் இருக்கும். மற்ற பாகங்களை அங்கீகரிக்கப்பட்ட மின்கழிவு மையத்தில் கொடுங்க.

கடைக்குப் போகும் முன்

போனில் இதைக் குறிச்சு வச்சுக்குங்க:

1. எஸ்.எஸ்.டி. கட்டாயம், 256 போதும், 512 நல்லது.
2. ரேம் 8 ஜி.பி., காலி ஸ்லாட்டோடு. பற்றவைத்த லேப்டாப் என்றால் 16.
3. பிராசசரின் தலைமுறை எண்.
4. ஃபுல் எச்.டி. திரை.
5. டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ்., வைஃபை அடாப்டர்.
6. சீரியல் எண்ணோடு ஜி.எஸ்.டி. பில்.

இந்த ஆறும் சரியாக இருந்து இன்னும் பணம் மிச்சமிருந்தால், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கிச் சான்றிதழ்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் இன்னொரு நகல் எடுத்து வையுங்க. கணினி கெட்டுப்போனால் வேற வாங்கிக்கலாம். உள்ளே இருந்தது போனால் திரும்ப வராது.

கடையில் அவசரப்படுத்தினால், "வீட்டில் கேட்டுட்டு வர்றேன்"னு கொட்டேஷனை எழுதி வாங்கிட்டு வாங்க. அதை இந்த ஆறு வரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்புறம் முடிவு பண்ணுங்க.