காசில் தெரியும் முகம்

(பங்கின் ஜூபிலி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பழைய உரோமைச் செப்புக் காசுகளை இனங்காண்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன். ஜூபிலி மேடையில் இது என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். செசாருக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் நம் ஆண்டவர் ஒரு காசைக் காட்டச் சொல்லி, அதிலுள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று கேட்டார் அல்லவா? அது வெள்ளிக் காசு. ஆனாலும் எந்த உரோமைக் காசை எடுத்தாலும் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே.

அந்நாட்டுக் காசுகள் நம் தமிழகத்திற்கும் வந்தன. நமது தொப்பையாறு காவிரியில் கலக்கிறது. அதே காவிரியில் கரூர்ப் பக்கம் அமராவதியும் சேர்கிறது. அந்த அமராவதி மணலிலும், மதுரை வைகை மணலிலும் உரோமைச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1994இல் இவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இவற்றுள் மிகுதியானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பல காசுகள் சட்டைப் பொத்தான் அளவே இருக்கும்.

முதலில் தலையைப் பாருங்கள். இலை மாலை இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நூற்றாண்டுகள். முத்துப் பட்டம் இருந்தால் கான்ஸ்டன்டைன் காலமோ அதற்குப் பிந்தியதோ ஆகும். அடுத்து, தலையைச் சுற்றியுள்ள எழுத்து. 'டி, என்' என்று தொடங்கினால் 'தோமினுஸ் நோஸ்தெர்', அதாவது 'நம் ஆண்டவர்' என்று பொருள். லத்தீன் பூசை கண்ட பெரியவர்களுக்கு 'தோமினுஸ்' பழகிய சொல். அதை மன்னர்கள் தங்களுக்கே சூட்டிக்கொண்டார்கள்!

பிறகு காசைத் திருப்புங்கள். இரு வீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிகள் இருந்தால் 330 முதல் 335 வரை. ஒரே கொடி என்றால் அதற்குப் பின். குதிரையோடு விழுந்தவனை வீரன் ஈட்டியால் குத்தும் காசு 348க்குப் பிந்தியது. அடியிலுள்ள சிற்றெழுத்து, காசு அடித்த ஊரைச் சொல்லும். 'அந்த்' என்றிருந்தால் அந்தியோக்கியா. சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட அதே நகரம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சில காசுகளில் கிறிஸ்துவின் பெயரெழுத்துகள் பின்னிய சின்னமே இருக்கிறது. கிறிஸ்தவர்களைக் கொன்ற அரசு 313இல் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. நூற்றாண்டு முடியுமுன் அவருடைய சின்னத்தையே காசில் பொறித்தது.

ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்குக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் பழங்காசைத் துலக்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். மண்ணில் புதையலாகக் கிடைத்தால், பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போடாமல், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.

முகம் முழுவதும் தேய்ந்த காசைக்கூட விவரம் அறிந்தவர் வீசி எறிவதில்லை. பின்பக்கத்தையும் அடியெழுத்தையும் பார்த்து, இன்னாருடையது என்று சொல்லிவிடுவார். காசில் இருப்பது செசாரின் உருவம். மனிதரில் இருப்பது கடவுளின் சாயல். குடியாலும் கடனாலும் முகம் தேய்ந்து, கோவிலுக்கு வரக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கும் சகோதரர்கள் நம்மிடையேயும் உண்டு. இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு வீட்டாரும் அப்படி ஒருவரைத் தேடிச் சென்று, நம்மவர் என்று கைப்பிடித்து அழைத்து வருவோமாக.