விழுந்த குழையும் பூட்டிய மண்டபமும்



சிவன் ஆடும் ரத்தினசபை இருக்கும் ஊரில் நின்று ஆட்டத்தைப் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும். திருவாலங்காட்டுக் குழந்தைக்கும் கதை தெரியும். சிவனும் காளியும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். நடுவே சிவன் காதிலிருந்து குழை விழுகிறது. ஆட்டத்தை நிறுத்தாமல் கால் விரலால் அதை எடுத்து, அந்தக் காலையே தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறார். ஊர்த்துவ தாண்டவம் என்று கும்பிடுகிறோம். எனக்கு அந்தக் குழை முக்கியம். தவறி விழுந்த ஒன்றிலிருந்து, அந்த நொடியிலேயே ஒரு புது அசைவு பிறந்தது.

இதைத்தான் இசையில் மனோதர்மம் என்கிறோம். ஆட்டத்தில் அதன் உச்சம் பாலசரஸ்வதி அம்மாள். 1925இல், ஏழு வயதில், பக்கத்துக் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். பதத்தின் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு தடவையும் வேறொரு அபிநயம் பிடிப்பார். அவருக்காகப் பாடி, நட்டுவாங்கமும் செய்த காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்றவர்தான் சந்திரலேகா.

சந்திரலேகாவின் அரங்கேற்றம் 1952இல் நடந்தது, ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக. ராயலசீமா நமக்கு அந்நியமா? 1960 வரை நம் திருத்தணி வட்டமே ராயலசீமாவின் சித்தூர் மாவட்டத்தில்தானே இருந்தது! அந்த மேடையில் 'மதுரா நகரிலோ' என்ற பாட்டுக்கு ஆடுகிறார். பாட்டிலோ யமுனையில் நீராடுகிறார்கள், தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். ஆடும்போதே, வெடித்துக் கிடக்கும் நிலம் மனத்தில் வந்து நின்றது. தண்ணீர் இல்லாதவர்களுக்காக ஆடுகிறோம், ஆட்டம் முழுக்கத் தண்ணீராக இருக்கிறதே என்ற அந்தக் கேள்வி பின்னாளிலும் அவரை விடவில்லை. 1970களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக மேடையை விட்டே விலகியிருந்தார். 1985இல் 'அங்கிகா' என்ற அவருடைய படைப்பு வந்தது. பரதமும் களரியும் யோகமும் ஒரே உடம்பில் சந்தித்தன. தலைவனுக்காகக் காத்திருந்து ஏங்கும் நாயகி அதில் இல்லை.

இந்த ஊரிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். காளி வெட்கப்பட்டுக் காலைத் தூக்கவில்லை, அதனால் தோற்றாள் என்கிறோம். அந்த வெட்கத்தை அவள்மேல் ஏற்றியது யார்? 2001இல் சந்திரலேகா உருவாக்கிய 'சரீரா' என்ற ஆட்டத்தை நினைக்கும்போதெல்லாம், காளியை அவர் திரும்ப ஆட வைத்தார் என்றே எனக்குப் படுகிறது.

அவரோடு பத்தாண்டு ஆடியவர் பத்மினி செட்டூர். வேதியியல் படித்தவர். தனக்கென ஒரு வழியை வெட்டிக்கொண்டார். அவருடைய 'வால் டான்சிங்' மணிக்கணக்கில் நீளும். மேடை கிடையாது. ஆடுபவர்கள் சுவரை ஒட்டி, மிக மிக மெதுவாக நகர்கிறார்கள். பார்ப்பவர் பக்கத்தில் போய் நிற்கலாம், நகரலாம். ஒரு தோள் சுவரைவிட்டு விலகுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது? தினசரி சாதகத்திலிருந்து. சாதகத்துக்குச் சம்பளம் கிடையாது, இதுதான் நான் சொல்ல வந்தது. மேடையில் ஒரு மாலை ஆட, மாதக்கணக்கில் ஒத்திகை. அந்த மாதங்களில் இப்படிப் புதுவழியில் ஆடுபவர்கள் காலையில் யோகா வகுப்பு எடுக்கிறார்கள், மாலையில் பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தருகிறார்கள், நடுவில் கிடைத்த நேரத்தில் சொந்தப் படைப்பு. சிமெண்டுத் தரையில் குதித்துக் குதித்து முழங்கால் தேய்கிறது. மரத்தரை போட்ட கூடத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. முழங்கால் போனால் அன்றைய வகுப்பும் போச்சு, வகுப்புப் பணமும் போச்சு. சலங்கை பூஜை, அரங்கேற்றம், டிசம்பர் சீசன் என்று போட்டு வைத்த பாதையும் இவர்களுக்கு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "என்ன வேலைம்மா செய்யறே?" என்று கேட்டால், ஆடுகிறேன் என்ற பதில் போதவில்லை.

கைதட்டல் மட்டும் போதாது ஐயா, இடம் வேண்டும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஆடியிலும் கிடையாது. நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்கள் அந்த இரண்டு மாதமும் பூட்டித்தான் கிடக்கின்றன. பெருக்கிவிட்டு, கெட்டியான பாய் விரித்து, ஓர் ஆட்டக் குழுவுக்கு வாடகையில்லாமல் கொடுங்கள். கதவை மட்டும் திறந்து வையுங்கள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் வாசலில் நின்று பார்க்கட்டும். ஒத்திகையில் தடுமாறுவதையும், தடுமாற்றத்திலிருந்து ஓர் அசைவு கிடைப்பதையும் பார்க்கட்டும்.

மண்டபக்காரர்கள் சிலர் முன்வரிசையிலேயே இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேயே நிற்பேன். வரும் ஆடிக்கு யார் சாவி தருகிறீர்கள் என்று சொல்லுங்கள், அந்த மாதத்துக் கரண்ட் பில் என்னுடையது.