150 பேருக்குச் சமைத்த உணவு



நல்ல நாவல் ஒன்றைப் படித்துச் சுவைப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று நாம் சிறிது சிந்திக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அதுபோல, ஒரே ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். முழுக் கதையிலும் ஆசிரியர் சொல்ல வருவது முதல் அத்தியாயத்திலேயே எவ்வாறு அடங்கியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நாவலை எழுதியவர் எரிக் மரியா ரெமார்க். 1898இல் ஜெர்மனியில் ஒஸ்னாபுரூக் என்னும் ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது, 1916இல், பள்ளிப் பருவம் கடக்கும் முன்னரே பட்டாளத்தில் சேர்க்கப்பட்டார். 1917இல் போர்முனையில் காயமடைந்தார். அந்த அனுபவத்தை மனத்தில் வைத்து அவர் எழுதிய நாவல் 1928 இறுதியில் பெர்லின் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்து, 1929 சனவரியில் நூலாயிற்று. 'மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை' என்பது அதன் ஜெர்மன் தலைப்பின் பொருள். ஆங்கிலத்தில் 'ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' என்று பெயர். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1930இல் அமெரிக்காவிலும் 2022இல் ஜெர்மனியிலும் திரைப்படமாக வந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாஜிகள் தெருவில் குவித்துக் கொளுத்திய நூல்களில் இதுவும் ஒன்று. 1938இல் ஆசிரியரின் குடியுரிமையையே பறித்துவிட்டார்கள்.

ஓர் அரசாங்கம் அஞ்சிக் கொளுத்தும்படி அந்த நூலில் அப்படி என்னதான் இருந்தது?

போரை எதிர்த்து எழுத நினைக்கும் ஒருவர் எப்படித் தொடங்குவார் என்று எண்ணிப் பாருங்கள். குண்டு வெடிப்பதையும் இரத்தம் ஓடுவதையும் எழுதித் தொடங்கலாம். அல்லது, போர் பொல்லாதது என்று அறிவுரை கூறித் தொடங்கலாம். ரெமார்க் இவ்விரண்டையும் செய்யவில்லை. அவருடைய நாவல் சாப்பாட்டில் தொடங்குகிறது.

போர்முனைக்கு ஒன்பது கிலோமீட்டர் பின்னால் சிப்பாய்கள் ஓய்வாக இருக்கிறார்கள். முதல் நாள்தான் முனையிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். இறைச்சியும் அவரைக்கொட்டையும் வயிறு நிறையக் கிடைத்திருக்கிறது. இரவுக்கும் பாத்திரம் நிரம்பியிருக்கிறது. ரொட்டி இரட்டைப் பங்கு. ஆளுக்குப் பத்துச் சுருட்டு, இருபது சிகரெட். கதை சொல்லும் இளைஞன் பால் பௌமருக்கும் அவன் நண்பர்களுக்கும் ஒரே கொண்டாட்டம். படிக்கும் நமக்கும் மகிழ்ச்சியாகவே இருக்கிறது. பசித்த பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்து மகிழாதவர் யார்?

இத்தனை தாராளம் ஏன் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிகிறது. அந்தக் கம்பெனியில் 150 பேர். சமையற்காரர் 150 பேருக்கு உலை வைத்துவிட்டார். ஆனால் கடைசி நாளில் ஆங்கிலேயரின் நெடுந்தூரப் பீரங்கிகள் முழங்கின. திரும்பி வந்தவர்கள் 80 பேர். மீதி 70 பேரும் மருத்துவ நிலையத்திலோ மண்ணுக்குள்ளோ கிடக்கிறார்கள். அவர்களுடைய பங்கைத்தான் இவர்கள் உண்கிறார்கள்.

சமையற்காரர் முதலில் மறுக்கிறார். 150 பேர் சோற்றை 80 பேருக்கு எப்படிப் போடுவது? அவருக்குக் கணக்கு இடிக்கிறது. வாக்குவாதம் முற்றும் வேளையில் கம்பெனித் தலைவர் வந்து எல்லாவற்றையும் பரிமாறச் சொல்கிறார்.

நேயர்களே, இந்த ஒரு காட்சியில் நாவலின் முதற் கருத்து வந்துவிட்டது. போர், நல்ல பிள்ளைகளைக்கூட, தோழன் செத்ததால் கிடைத்த சோற்றை மகிழ்ந்து உண்ணும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர், பசித்தவர்கள். ஆசிரியர் யாரையும் திட்டவில்லை. 150 என்றும் 80 என்றும் இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். கழித்துப் பார்ப்பது நம் வேலை. நாமே கழித்துக் கண்ட விடை ஆதலால் அது நம் நெஞ்சை விட்டுப் போவதில்லை.

நம் தமிழிலும் போர்க்களத்தில் சமையல் உண்டு. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், போர் முடிந்த களத்தில் பேய்கள் கூடிக் கூழ் அடுகின்றன. இறந்தவர் உடலே அங்கே உணவு. பேய்கள் உண்டு களித்துக் குலோத்துங்க சோழனை வாழ்த்துகின்றன. அங்கே விருந்து வென்ற மன்னனுக்குப் புகழ் சேர்க்கிறது. ரெமார்க்கின் நாவலில் உண்பவை பேய்கள் அல்ல, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். வாழ்த்துவதற்கு மன்னனும் இல்லை. போரைப் பாடும் இலக்கியத்துக்கும் போரை எதிர்க்கும் இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு சமையல்களையும் அருகருகே வைத்தால் நன்றாக உணரலாம்.

அடுத்து, அந்தப் பந்தியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பால், குரோப், முல்லர், லேயர் ஆகிய நால்வரும் ஒரே வகுப்பு மாணவர்கள். தியாடன் பூட்டு வேலை செய்பவன். ஹயே வெஸ்தூஸ் விறகுக்காக மண்கட்டி வெட்டும் தொழிலாளி. டெட்டரிங் குடியானவன், அவன் நினைவெல்லாம் தன் நிலத்திலும் மனைவியிடமுமே இருக்கிறது. எல்லாருக்கும் மூத்தவர் நாற்பது வயது கட்சின்ஸ்கி. ஒவ்வொருவரையும் பெயரோடும் தொழிலோடும் ஆசிரியர் அறிமுகம் செய்கிறார். பட்டாளத்துக்கு இவர்கள் வெறும் எண்கள். படிக்கும் நமக்கு மனிதர்கள். ஒவ்வொருவராக அவர்கள் பின்னால் விழும்போது நமக்கு வலிப்பதற்குக் காரணம் இந்த முதல் அறிமுகம்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாவலின் முதல் வாக்கியத்தில் பேசுவது 'நான்' அன்று, பன்மை. ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அதற்கு ஒரே சொல்தான் உண்டு. நம் தமிழிலோ 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு உண்டு. 'நாம் சாப்பிட்டோம்' என்றால் கேட்பவரும் அதில் சேர்ந்தவர். 'நாங்கள் சாப்பிட்டோம்' என்றால் கேட்பவர் அதில் இல்லை. இந்த நாவலின் தொடக்கத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் 'நாங்கள்' என்றே சொல்ல வேண்டும். முனைக்குப் போனவர்கள் ஒரு பக்கம்; பெற்றோர், ஆசிரியர், தலைவர்கள், நாம் எல்லாரும் மறுபக்கம். கதை வளர வளர அந்த 'நாங்கள்' தேய்கிறது. இறுதியில் ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். 1918 அக்டோபரில் அவனும் மாள்கிறான். அன்று மேற்கு முனையில் குறிப்பிடத்தக்க செய்தி ஏதுமில்லை என்று பட்டாள அறிக்கை கூறுகிறது. நாவலின் பெயர் அங்கிருந்து வந்ததே.

முதல் அத்தியாயத்தின் நடுவில் ஓர் ஆசிரியரின் நினைவு வருகிறது. கந்தோரெக் என்பவர் அவர். வகுப்பில் நாட்டுப்பற்றைப் பற்றி முழங்கி, மாணவர் அனைவரையும் கூட்டிச் சென்று பட்டாளத்தில் பெயர் கொடுக்கச் செய்தவர். யோசெப் பெம் என்ற ஒரு மாணவன் மட்டும் தயங்கினான். கோழை என்று பிறர் ஏசுவார்களே என்று அஞ்சி அவனும் சேர்ந்தான். முதலில் மாண்டவர்களில் அவன் ஒருவன். ஆனால் இதைச் சொல்லும்போதும் பால் தன் ஆசிரியர்மீது வசை பொழியவில்லை. கந்தோரெக்குகள் உலகில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எல்லாருமே தாங்கள் நல்லதைத்தான் செய்கிறோம் என்று நம்பினார்கள் என்கிறான்.

அங்கே அவன் கூறும் கருத்து ஒன்று உழைக்கும் மக்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது. போர் என்பது கேடு என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டவர்கள் ஏழை எளியவர்கள்தாம் என்கிறான் பால். விளைவை முன்னரே அறிந்திருக்க வேண்டிய வசதி படைத்தவர்கள் தலைகால் புரியாமல் ஆடினார்களாம். போரில் கையும் காலும் போனால் நாளை உலை எரியாது என்பது கூலிக்கு உழைப்பவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அத்தியாயத்தின் முடிவில் நண்பர்கள் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள். கெம்மெரிக் என்ற தோழனுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவனுக்கே அது தெரியாது. அவனுடைய கைக்கடிகாரத்தை யாரோ திருடிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் மென்மையான மஞ்சள் தோலில் செய்த அருமையான பூட்ஸ் ஒரு சோடி இருக்கிறது. முல்லருக்கு அதன்மேல் ஆசை. பிழைக்க மாட்டான் என்று தெரிந்தே கேட்கிறான். பின்னால் அந்தப் பூட்ஸ் முல்லருக்குப் போகிறது. முல்லர் இறந்ததும் பாலுக்கு வருகிறது. மனிதர்கள் மாறுகிறார்கள், பூட்ஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. முதல் காட்சியில் சோறு எதைச் சொல்லிற்றோ அதையே கடைசிக் காட்சியில் பூட்ஸ் சொல்கிறது.

எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். புக்கிட் மெர்தாஜாம் இரயில் நிலையத்தை நாம் அறிவோம். பட்டர்வொர்த்துக்குப் போகும் தண்டவாளமும், அலோர் ஸ்டார், பாடாங் பெசார் வழியாக வடக்கே சயாமுக்குப் போகும் தண்டவாளமும் பிரியும் இடம் அது. ஜப்பான்காரன் காலத்தில் மேற்குக்கரைத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதை வேலைக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற இரயில்கள் இந்த வழியாகத்தான் போயின.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942க்கும் 1943க்கும் இடையில் காட்டை வெட்டிப் போடப்பட்டது. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; அவர்களில் மாண்டவர்கள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கற்களோடு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 70,000 பேருக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்களில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இன்றுவரை கிடையாது.

இங்கேதான் ரெமார்க்கின் சமையற்காரர் நமக்கு முக்கியமாகிறார். அவர் 150 பேருக்குச் சமைத்ததனால் 70 பேர் இல்லை என்பது தெரிந்தது. நம்மவர்களைக் கணக்கு வைத்தவர் யார்? பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டபோது பதில் வராத பேர்கள் எத்தனை? லயத்தில் சோறு ஆக்கிவிட்டுக் காத்திருந்த வீடுகள் எத்தனை?

நம் எழுத்தாளர்கள் இதை எழுதாமல் விடவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலை 1993இல் வெளியிட்டார். கடலுக்கு அப்பால் மெடானில் வேலை பார்த்த ப. சிங்காரம், ஜப்பானியப் படை அந்நகரில் புகுவதிலிருந்து கதையைத் தொடங்கி 'புயலிலே ஒரு தோணி' எழுதினார். அது 1972இல் நூலாயிற்று. இவற்றைத் தேடிப் படியுங்கள். முதல் அத்தியாயத்தை இருமுறை படியுங்கள். யார் உண்கிறார்கள், யார் இல்லை, எந்தப் பொருள் கைமாறுகிறது, பேசுவது 'நாம்' என்றா 'நாங்கள்' என்றா என்று பாருங்கள்.

சயாமை நேரில் கண்டவர்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுக் குடிபெயர்ந்த தாமான்களிலும் இருக்கிறார்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். போர் கொடியதா என்று கேட்க வேண்டாம். அந்த வீட்டில் எத்தனை பேருக்கு உலை வைத்தார்கள், எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள், அரிசி இல்லாதபோது மரவள்ளிக்கிழங்கை எப்படிப் பங்கிட்டார்கள், போனவர் விட்டுச் சென்ற பொருள் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் சேர்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அழகாக எழுத வேண்டும் என்று கவலைப்படாதீர்கள்; எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.