வாயும் காலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நானோ அரசின் கருவூலம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அஞ்ச வேண்டா, புறநானூற்றின் வழியாகவே அங்குச் செல்கிறேன்.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன 184ஆம் பாட்டை அறியாதார் இவ்வவையில் இலர். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு மாவிற்கும் குறைந்த நிலத்தின் விளைவே யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலாயினும் யானை தானே புகுந்து மேய்ந்தால், அது தின்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. 2019 ஜூலை 5 அன்று, மதுரையிற் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தபோது இப்பாட்டை எடுத்துரைத்தார். நாமும் மகிழ்ந்தோம்.

ஆயினும், யானையைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு நாம் பாட்டின் பிற்பகுதியைப் பிடித்துக்கொள்ளவில்லை. நாள்தோறும் மன்னனைச் சூழ்ந்து இரைச்சலிடும், தரம் அறியாத சுற்றத்தாரைப் புலவர் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். மன்னன் வலிமை குன்றி, அவர்களோடு கூடி, குடிகளின் அன்பு கெடுமாறு பொருளை விரும்பினால் அவனுக்கும் பயனில்லை, நாட்டுக்கும் வாழ்வில்லை என்பது கருத்து. வரி யானையின் வாய் என்றால், இடையில் நிற்கும் இச்சுற்றமே அதன் கால்.

அக்காலின் தடங்கள் நம் மண்ணிற் பல. கும்பினி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் வரி தண்டக் குடியானவரை வதைத்தது குறித்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் குழு 1855இல் அறிக்கை தந்தது. கிட்டி என்னும் மரக்கட்டைகளுக்கு இடையே கையை வைத்து நெரித்தார்கள். வெயிலிற் குனிய வைத்தார்கள். அரசுக்குச் சேரவேண்டிய வரிக்காக மட்டுமா? கீழ்நிலை அலுவலர் தம் மடியை நிரப்பவும் அதே கிட்டிதான். வரியென்று கொடுத்ததும் கையூட்டென்று கொடுத்ததும் குடியானவனுக்கு ஒரே வலிதான்.

மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையைக் கடப்போர் யானைமலையைக் காணாமற் போக இயலாது. (கல்லாகிக் கிடக்கும் அந்த யானை ஒன்றுதான் எவர் வயலிலும் புகவில்லை.) அதற்கு அப்பால், கீழவளவுப் பக்கத்து மலைகளின் கதை வேறு. 2012 மே மாதத்தில் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம், கிரானைட் குவாரி முறைகேடுகளால் அரசுக்கு ஏறத்தாழ 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று மாநில அரசுக்கு எழுதினார். விரைவிலேயே கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே ஆணையராக அமர்த்தியது. 2015 நவம்பரில் அவர் தந்த அறிக்கையில் இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது, அலுவலர்களின் உடந்தையும் பேசப்பட்டது. அன்பர்களே, கற்பாளம் இடுப்பிற் செருகிக்கொண்டு போகும் பொருளன்று. அதற்கு உரிமம் வேண்டும், நடைச்சீட்டு வேண்டும், லாரி வேண்டும், வழியெல்லாம் சோதனைச்சாவடி உண்டு. அத்தனை இடத்திலும் சம்பளம் பெறும் கண்கள் இருந்தன.

2021 ஆகஸ்டு 9 அன்று, மதுரை மத்தியத் தொகுதியின் உறுப்பினராயிருந்த அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டுக் குடும்பம் ஒவ்வொன்றின் தலையிலும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் என்றது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு. இவையெல்லாம் அலுவலர் செய்த வினை என்பது நேர்மையன்று. கட்டணத்தைத் தொட அஞ்சும் அரசியலும் உண்டு.

சம்பளத்தையே குற்றம் சொல்வோரும் உளர். 2003இல் அரசு ஊழியர் வேலைநிறுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, நேரடி வரி வருவாயில் சுமார் 90 விழுக்காடு சம்பளத்துக்கே போகிறது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. நான் அக்கட்சியில் இல்லை. அரசு மருத்துவமனைச் செவிலியும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியரும் பெறுவது அறுத்துக் கொடுத்த கவளம். ஒரு மேசையில் முடியும் கோப்பு ஆறு மேசை சுற்றுகிறதே, மார்ச்சு முடிவதற்குள் செலவழிக்காவிடில் ஒதுக்கீடு மாண்டுபோகும் என்று வேண்டாத வேலைக்குப் பட்டியல் எழுதுகிறார்களே, அதுவே கால். முப்பது ஆண்டு கணக்கு எழுதி ஓய்வூதியம் பெறுபவன் என்னும் உரிமையில் இதைச் சொல்கிறேன்.

இனி நம் பக்கம் வருகிறேன். முன்னோர் இப்பாட்டைச் செவியறிவுறூஉ என்னும் துறையில் வைத்தனர். ஆள்வோன் காதில் ஓதுவது. இவ்வாறு ஓதிய அதே பிசிராந்தையார்தாம், தமக்கு நரை தோன்றாமைக்குத் தம் வேந்தன் அல்லவை செய்யாது காப்பதும் ஒரு காரணம் என்று 191ஆம் பாட்டிற் சொன்னவர். இடித்துரைத்த வாய்க்கே அப்படி வாழ்த்தும் உரிமை இருந்தது. நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் வைகை வறண்டதைப் பாடினோம், அன்னையைப் பாடினோம், காதலைச் சொல்லவே வேண்டா. இத்துறையில் ஒரு கவிதையும் என் செவிக்கு எட்டவில்லை. நம்மிற் பாதிப்பேர் அரசுப் பணியில் இருப்பது காரணமாகலாம். அவர்களே உள்ளே நடப்பதை அறிந்தவர்கள் என்பதையும் எண்ணிப்பாருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எவரேனும் ஒரு செவியறிவுறூஉ எழுதி வந்தால், முன்வரிசையில் அமர்ந்து கேட்பேன்.