பூமியை அளக்கும் பிள்ளைகள்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



பிள்ளைகளின் விஞ்ஞானப் படிப்பைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதிலும், ஒரு தேசத்துப் பள்ளிக்கூடமும் வேறொரு தேசத்துப் பள்ளிக்கூடமும் கூட்டாளிகளாகச் சேர்ந்து, பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ருசி உண்டாகும்படி செய்துவரும் ஒரு காரியத்தைப் பற்றியே இன்று சொல்லப்போகிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. கையில் அகப்பட்டதைப் படித்து, படித்ததைப் புத்தியில் உரசிப் பார்த்து வைத்துக்கொண்டவன். ஆகையால், நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; படாவிட்டால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

தோழர்களே! நான்காவது வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "பூமி எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். "உருண்டை" என்பான். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "புஸ்தகத்தில் போட்டிருக்கிறது, வாத்தியார் சொன்னார்" என்பான். அவனுடைய பாட்டனுக்குப் பாட்டனைக் கேட்டிருந்தால், "பூமியை ஆதிசேஷன் தலையில் தாங்குகிறான்" என்றிருப்பான். எப்படித் தெரியும் என்றால், "புராணத்தில் இருக்கிறது, பாகவதர் சொன்னார்" என்றிருப்பான். பேரன் சொன்னது நிஜம், பாட்டன் சொன்னது பொய் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இரண்டு பேரும் தெரிந்துகொண்ட மார்க்கம் ஒன்றா இல்லையா என்று யோசித்துப் பாருங்கள். புஸ்தகம் மாறிற்றே ஒழிய, புத்தி மாறவில்லை. இப்படிப்பட்டவன் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கின பிறகும் ராகுகாலம் பார்த்துத்தான் வீட்டை விட்டுப் புறப்படுகிறான் என்றால், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

ஆகவே, பிள்ளைக்கு விஞ்ஞானத்தின் முடிவைச் சொல்லிக் கொடுப்பது வேறு. விஞ்ஞானம் செய்யச் சொல்லிக் கொடுப்பது வேறு. முன்னது உருப்போடுவது. பின்னது அளப்பது, சந்தேகப்படுவது, மறுபடியும் அளப்பது. இந்தப் பின்னதற்குத்தான் வேறு தேசத்துக் கூட்டாளி வேண்டியிருக்கிறது. ஏன் என்பதற்கு ஒரு பழைய சங்கதியைச் சொல்லவேண்டும்.

கி.மு. 240 வாக்கில் எகிப்து தேசத்து அலெக்சாந்திரியா நகரத்தில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இருந்தார். அங்கிருந்த பெரிய புஸ்தகசாலைக்கு அவரே தலைவர். தெற்கே சையீன் என்ற ஊரில், இன்று அஸ்வான் என்கிறார்களே அந்த ஊரில், வருஷத்தில் பகல் மிக நீண்ட நாளன்று உச்சிப்பொழுதில் சூரியன் கிணற்றின் அடி வரைக்கும் தெரியும், நிழலே விழாது என்று அவர் அறிந்தார். அதே நாள் அதே பொழுதில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுந்தது. அந்த நிழலின் கோணம் ஒரு வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி. அப்படியானால், இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப்போல் 50 மடங்குதானே பூமியின் சுற்றளவு? தூரம் 5,000 ஸ்டேடியம் என்ற கணக்கில், 2,50,000 ஸ்டேடியம் என்று சொன்னார். அந்த ஸ்டேடியம் இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் பண்டிதர்களுக்குள் தகராறு உண்டு. முறையில் தகராறு இல்லை.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் எவ்வளவு பெரிய மேதாவியாக இருந்தாலும் இந்தக் கணக்கு வந்திராது. இன்னொரு ஊரின் சேதி வேண்டியிருந்தது. நம்பிக்கைக்கு ஒருவன் போதும். தனியாகக் கண்ணை மூடிக்கொண்டு எதை வேண்டுமானாலும் நம்பலாம். அறிவுக்கு இன்னொருவன் வேண்டும். அவன் வேறு இடத்தில் நின்று பார்ப்பவனாகவும் இருக்கவேண்டும்.

நிற்க. இந்தப் பழைய கணக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர்கள் பிரான்சு தேசத்தார். அங்கே ஜார்ஜ் ஷார்ப்பாக் என்று ஒரு பௌதிக விஞ்ஞானி இருந்தார். ஹிட்லர் ஆட்சியின் டாஹாவ் முகாமில் அடைபட்டுக் கிடந்து, 1945-ல் உயிரோடு மீண்டவர். 1992-ல் நோபல் பரிசு பெற்றவர். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில், லெடர்மன் என்ற மற்றொரு நோபல் பரிசுக்காரர் முன்னின்று, பிள்ளைகளைக் கையால் செய்து கற்கவிட்ட முறையை அவர் நேரில் பார்த்தார். திரும்பிவந்து, பியேர் லேனா, ஈவ் கேரே என்ற இரண்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, 1996-ல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் ஆதரவில் ஓர் இயக்கம் ஆரம்பித்தார். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு "மாவில் கை" என்று அர்த்தம். மாவில் கை வைக்காமல் தோசை வார்க்கக் கற்றவர் உண்டா? தாய்மார்களுக்குத் தெரிந்த இந்த ஞாயம் நம் கல்வி இலாகாக்களுக்கு விளங்கத்தான் இவ்வளவு காலம் பிடிக்கிறது. இதே ஷார்ப்பாக், ஜோசியம், மாயமந்திரம் என்பவைகளைத் தோலுரித்து 2002-ல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு புஸ்தகமும் எழுதினார். 2010-ல் காலமானார்.

அந்த இயக்கத்தார் 2000-ம் ஆண்டில் ஆரம்பித்த வேலைதான் எரட்டோஸ்தனிஸ் வழியில் பூமியை அளப்பது. பிரான்சுப் பள்ளிகளும் வெளிதேசத்துப் பள்ளிகளும் ஜோடி சேர்ந்துகொண்டு, பிள்ளைகளே நிழலை அளந்து, ஒருவருக்கொருவர் எழுதித் தெரிவித்து, பூமியின் சுற்றளவைக் கணக்கிடுகிறார்கள்.

இதற்கு என்ன சாமான் வேண்டும்? ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்று, நூல், அளவுகோல், பாகைமானி. கம்பு நேராக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டம். அதாவது கொத்தனார் கையில் இருக்கும் சாமான்கள்! கம்பு சாய்ந்தால் கணக்குப் போய்விடும். அந்த நேரத்தில் வகுப்பில் யார் வாத்தியார் தெரியுமா? கொத்தனார் வீட்டுப் பிள்ளைதான். எந்தத் தொழிலைச் சொல்லி அவன் தகப்பனைக் கீழே உட்கார வைத்தோமோ, அந்தத் தொழிலின் சாமான்தான் பூமியை அளக்கிறது.

பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், மார்ச்சு 20 அல்லது 21, செப்டம்பர் 22 அல்லது 23, கம்பை நட்டு நிழல் நுனியைக் கால் மணிக்கு ஒருதரம் குறித்து வருகிறார்கள். மிகக் குறுகிய நிழல் எதுவோ, அதுதான் அந்த ஊரின் உச்சிப்பொழுது. கடிகாரத்தில் 12 அடித்தால் உச்சி என்று நினைத்த பிள்ளை இங்கே திகைக்கிறது. பாரிசு நகரத்தில் மார்ச்சு மாதம் கடிகாரம் ஏறக்குறைய 1 மணி காட்டும்போதுதான் நிழல் குறுகுகிறது. கடிகாரத்தை வைத்தது சர்க்கார். நிழலை வைத்தது சூரியன். அப்படியானால் நம்மூர் ராகுகாலம் இந்த இரண்டில் எதைப் பார்த்து வருகிறது என்று பஞ்சாங்கக்காரரைக் கேட்க அந்தப் பிள்ளைக்குத் தானாகவே தோன்றும். நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அன்றைக்கு 1 மீட்டர் கம்பின் உச்சிப்பொழுது நிழல் அஸ்வானில் சுமார் 44.7 சென்டிமீட்டர், அலெக்சாந்திரியாவில் 60.6, பாரிசில் 114.4. அங்கே கம்பைவிட நிழல் பெரிது. கம்பையும் நிழலையும் சிறிதாக்கிக் காகிதத்தில் வரைந்து, பாகைமானியை வைத்துப் பார்த்தால், அலெக்சாந்திரியாவில் கோணம் 31.2 டிகிரி, பாரிசில் 48.85. வித்தியாசம் 17.65. இரண்டுக்கும் வடக்கு தெற்காகத் தூரம் தேசப்படத்தில் சுமார் 1,960 கிலோமீட்டர். 17.65 டிகிரிக்கு 1,960 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுதான்! ஆகாய விமானமும் ராக்கெட்டும் இல்லாமல், ஒரு கம்பும் ஒரு சிநேகிதனும் இருந்தால் போதும்.

இங்கே ஒரு கெட்டிக்காரன் எழுந்து, "பூமி தட்டையாகவே இருந்து, சூரியன் மட்டும் பக்கத்தில் இருந்தாலும் ஊருக்கு ஊர் நிழல் மாறுமே?" என்று கேட்பான். கேட்கட்டும். நல்ல கேள்வி. இரண்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொல்லவும் முடியாது. மூன்றாவது ஊர் வேண்டும். பூமி தட்டை என்றே வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சூரியன் தலைக்குமேல் நிற்கும் பூமத்திய ரேகையிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். அஸ்வான் நிழலைக் கேட்டால் சுமார் 5,960 கிலோமீட்டர் என்கிறது. அலெக்சாந்திரியா நிழல் 5,700 என்கிறது. பாரிசு நிழல் 4,730 என்கிறது. ஒரே சூரியன் ஒரே நாளில் மூன்று உயரத்தில் நிற்குமா? நிற்காது. தட்டை என்ற அனுமானம் அங்கேயே விழுந்துவிட்டது. பூமி உருண்டை, சூரியன் வெகுதூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலோ மூன்று ஊரும் ஒரே கணக்கைச் சொல்லுகின்றன. கெட்டிக்காரனை அதட்டி உட்கார வைக்கவில்லை. நாஸ்திகன் என்று திட்டவும் இல்லை. அவன் கேள்விக்கு நிழலைக் கொண்டே பதில் சொல்லியாயிற்று.

தோழர்களே! கூட்டாளி வேண்டுமென்று நான் சொல்வதன் அருமை இதில்தான் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அலெக்சாந்திரியாவும் அஸ்வானும் ஜோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அலெக்சாந்திரியாப் பையன் சோம்பேறித்தனமாக ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதிவிட்டால், பூமியின் சுற்றளவில் 2,000 கிலோமீட்டருக்குமேல் காணாமல் போய்விடும்! அஸ்வான் பிள்ளைகள் உடனே, "உங்கள் கம்பு நேராக இருந்ததா?" என்று எழுதிக் கேட்பார்கள். பரீட்சைக்குப் பயந்து வரும் ஒழுக்கம் அல்ல இது. நம் பொய்யினால் இன்னொருவன் கணக்குக் கெடுகிறதே என்று வரும் ஒழுக்கம். மோட்ச நரகம் காட்டிப் பயமுறுத்தாமல் யோக்கியதையைக் கற்றுக்கொடுக்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இது ஒன்றுதான் என்றும் நினைக்காதீர்கள். 1995-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த குளோப் என்ற திட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் சேர்ந்தன. அதில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் மழை, உஷ்ணம், மேகம், மண் இவைகளை ஒரே முறையில் அளந்து ஒரே கணக்கில் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் சேர்த்த அந்தக் கணக்கை விஞ்ஞானிகளும் எடுத்துப் பார்க்கிறார்கள். உருப்போட்டதை ஒப்பிக்கும் பிள்ளையிடம் எந்த விஞ்ஞானி வந்து கேட்கப்போகிறான்?

இதெல்லாம் எங்கேயோ மேல்நாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்பீர்களானால், பூமியை அளந்த சரித்திரத்தில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1802-ல் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரர், பூமியின் உருவத்தை நிச்சயிப்பதற்காக முதல் கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தது நம் சென்னைக்கு அடுத்த பரங்கிமலையில்தான். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள கோடு. அங்கிருந்து வளர்ந்த அளவைதான் பின்னால் இமயமலைச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிடவும் உதவிற்று. பிள்ளைகளைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போகிறவர்கள் மேலே இருக்கும் மாதா கோவிலைக் காட்டுகிறார்கள். இந்தக் கோட்டைக் காட்டுகிறவர்கள் எத்தனை பேர்?

இனி, ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். "ஏழைப் பள்ளிக்கு இது ஆகுமா?" என்கிறார்கள். கம்புக்கும் நூலுக்கும் என்ன செலவு? தபால் போகாத ஊரிலும் இன்று கைப்போன் போகிறது. "பாஷை தெரியாதே!" என்கிறார்கள். 60.6 என்பதற்கு எந்த பாஷை? மிச்சத்துக்கு வாத்தியார் உதவட்டும். அந்த ஆசையில் பிள்ளையும் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பணக்காரப் பள்ளிக்கூடங்கள் வெளிதேசத்தோடு சிநேகம் என்று சொல்லி, கொடி மாற்றிக்கொண்டு, மாலை போட்டுக்கொண்டு, போட்டோ எடுத்து மாட்டிவைத்துவிட்டுச் சம்பளத்தை உயர்த்திக்கொள்ளுவதும் கூட்டாளித்தனம் என்றுதான் பேர் பெறுகிறது. அது கலியாண ஊர்வலமே ஒழியக் கல்வி அல்ல. ஒரு தேசம் தர்மம் கொடுப்பதும் மற்றொரு தேசம் கைநீட்டி வாங்குவதும் கூட்டாளித்தனம் அல்ல. இரண்டு பக்கமும் அளக்கவேண்டும். இரண்டு பக்கமும் கேள்வி கேட்கவேண்டும். நிழல் கணக்கில் பாரிசின் எண் இல்லாவிட்டால் எகிப்துக்குக் கணக்கு வராது. எகிப்தின் எண் இல்லாவிட்டால் பாரிசுக்கும் வராது. மனிதனுக்கு மனிதன் சமம் என்று ஆயிரம் மேடையில் பேசுவதை, ஒரு கழித்தல் கணக்கு பிள்ளைக்குக் காட்டிவிடுகிறது.

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். தலைமை உபாத்தியாயரைப் பாருங்கள். வருகிற சமநாளில் ஒரு கம்பை நட இடம் கேளுங்கள். கொத்தனாரிடம் தூக்குக்குண்டை இரவல் வாங்கிக் கொடுங்கள். வடக்கிலோ தெற்கிலோ தூரதேசத்தில் பிழைக்கப்போன நம்மவர் யாராவது இருந்தால், அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளை வேடிக்கை பார்க்க நிறுத்திவிடாதீர்கள். அளவுகோலை அவர்கள் கையிலும் கொடுங்கள். பிறகு ஒருநாள், "பூமி உருண்டை என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், உங்கள் பிள்ளை வாத்தியார் பேரையும் சொல்லாமல், புஸ்தகத்தின் பேரையும் சொல்லாமல், "நானும் என் சிநேகிதனும் அளந்தோம்" என்று சொல்லவேண்டும்.