மண்ணுக்குரிய மரம்



மரம் நடுவிழா காணாத ஊர் இன்று அரிது. நட்டது எந்த மரம், அம்மண்ணுக்கு அது உரியதுதானா என்று வினவுவோர் அதனினும் அரியர். அவ்வினாவுக்கு விடை தேடிய பின்னரே மண்வெட்டியைக் கையிலெடுத்த ஓர் அமைப்பு, ஆனைமலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி வருகிறது. 1996இல் தோன்றி, மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அது.

வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கே காடு திருத்தித் தேயிலையும் காபியும் பயிரிட்டனர். எஞ்சிய மழைக்காடு தோட்டங்களுக்கிடையே சிறுசிறு திட்டுகளாய்ச் சிதறிக் கிடக்கிறது. காண்பவர் கண்ணுக்கு எல்லாம் பசுமையே. ஆயினும் மரப்பொந்தில் கூடமைக்கும் இருவாச்சிக்கும், வெடிப்பலாவின் பூவையும் விதையையும் உண்டு வாழும் சோலைமந்திக்கும் தேயிலைப் பசுமையால் யாது பயன்?

திவ்யா முடப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகிய அறிவியலாளர்கள் இத்திட்டுகளைச் சீரமைக்க முனைந்தனர். பல திட்டுகள் தோட்ட நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றின் இசைவைப் பெற்றாலன்றி ஒரு கன்றும் ஊன்ற இயலாது. விதைகளைப் பெரும்பாலும் சாலையோரங்களிலேயே பொறுக்குகின்றனர். காட்டினுள் விழும் விதை தானே முளைக்கும். தார்ச்சாலையில் விழுவதோ வண்டிச் சக்கரத்தில் நசுங்கும். எத்துணை நுட்பமான சிந்தனை! நாற்றங்காலில் வளர்ந்த கன்றுகளை, மழைக்காலத்தில் பலவகை கலந்து நடுகின்றனர். அதற்குமுன் உண்ணிச்செடிப் புதரை அகற்ற வேண்டும். புதரினுள் தானே முளைத்திருக்கும் காட்டுக் கன்றுகளை இனங்கண்டு விட்டுவைத்தல் எளிதன்று. மரமறிந்த கண்ணுக்கே அது கூடும்.

7 முதல் 15 ஆண்டுகளுக்கு முன் சீரமைத்த இடங்களை, அவ்வாறே விடப்பட்ட இடங்களோடும் பழங்காட்டோடும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. சீரமைத்த இடங்களில் மரவகைகள் மிகுந்திருந்தன. மரங்கள் சேமித்த கரியும் கூடியிருந்தது. ஆயினும் அவை பழங்காட்டின் நிலையை இன்னும் எட்டவில்லை. ஒரு நாளில் வெட்டியதை ஒரு தலைமுறையிலும் முழுமையாக மீட்க இயலவில்லை என்பதை மறைக்காமல் எழுதிய நேர்மை போற்றத்தக்கது.

இவ்வமைப்பு பள்ளிப் பிள்ளைகளையும் மரத்தடிக்கு அழைக்கிறது. 'சீசன்வாட்ச்' என்னும் திட்டத்தில் மாணவர் ஒரு மரத்தைத் தேர்ந்து, அதன் தளிர், பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் நோக்கிக் குறித்து வைக்கின்றனர். பாடநூலில் படம் பார்ப்பதினும் இது மேலான கல்வி.

நட்ட கன்று உயர்ந்து, கிளைகள் சாலைக்கு மேலே ஒன்றையொன்று தொடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை சோலைமந்திகள் வண்டியில் அடிபடாதிருக்க, புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியுள்ளனர். குட்டியை வயிற்றில் அணைத்தபடி தாய்மந்திகள் அதன்வழியே கடந்து செல்கின்றன.